பஞ்சுப் பனியும் பூட்டிய கேட்டும்

டிசம்பர் 22, 23 தேதிகளில் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆரம்பப் பள்ளிகளுக்குள் எட்டிப் பாருங்கள். பல இடங்களில் பனி கொட்டிக் கிடக்கும். பதற வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் ரோலாக விற்கிற பஞ்சுதான்.

அதைப் பிய்த்துப் பிய்த்து சவுக்குக் கிளையில் ஒட்டி, மிச்சத்தைத் தரையில் தூவி, நடுவே ஒரு தெர்மகோல் வீடு வைத்திருப்பார்கள். சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக ஒரு நாலாங்கிளாஸ் பையன் வியர்த்து வழிந்தபடி சாக்லேட் கொடுப்பான். ஒண்ணாங்கிளாஸ் வாண்டுகள் பனியைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பாட்டு பாடும். அம்மாக்கள் செல்போனை உயர்த்திப் பிடித்து அதைப் படமெடுப்பார்கள். மறுநாளிலிருந்து அரைப் பரீட்சை லீவு. கேட்டில் பூட்டு.

அந்தப் பஞ்சைப் பற்றியும் அந்தப் பூட்டைப் பற்றியும்தான் இந்த வாரம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் விழாவோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ராயபுரம் புனித பேதுரு ஆலயத்தைச் சுற்றியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக வருகிற சொந்தப் பண்டிகை. சந்துக்குச் சந்து பேப்பர் நட்சத்திரம் தொங்கும். கேக்கும் பிரியாணியும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எதிர்வீட்டு பாய்க்கும் போகும். பண்டிகை நம்முடையது. பனிதான் நம்முடையது இல்லை.

சென்னையில் நூறு வருஷத்துக்கு மேலாகக் குறித்து வைத்திருக்கும் வானிலைக் கணக்கில் மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அதுவும் 1895 டிசம்பரில் ஒருமுறை, 1905 ஜனவரியில் ஒருமுறை. தண்ணீர் உறைய பூஜ்யம் டிகிரி வேண்டும். ஆக, வண்ணாரப்பேட்டையில் பனி கொட்டும் என்று காத்திருக்கிற பையன், பேரன் எடுத்த பிறகும் காத்திருக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் இந்தப் பேட்டைக்கு வெள்ளை விரிப்பு புதுசில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியைச் சலவை செய்து வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால்தான் இது வண்ணாரப்பேட்டை. வெயிலில் விரித்துக் காயப்போட்ட வெள்ளைத் துணிதான் இந்த மண்ணில் விழுந்த ஒரே பனி. ஒரு டீச்சர் நினைத்தால் அதை வைத்தே பத்து நிமிஷ நாடகம் போட்டுவிடலாம். பஞ்சு செலவும் மிச்சம்.

போகட்டும், குழந்தைகள் விளையாட்டாக எதையோ ஒட்டிவிட்டுப் போகிறார்கள், இதற்கெல்லாமா விமர்சனம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பஞ்சோடு விஷயம் முடிந்திருந்தால் நானும் கேக் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். என் வருத்தம் வேறு. பஞ்சு மட்டுமல்ல, அந்த லீவு மொத்தமுமே வேறு எங்கோ இருக்கிற ஒரு குழந்தைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்தக் குழந்தைக்குப் பனி இருக்கிறது, போக ஒரு கிராமம் இருக்கிறது, வீட்டில் ஒரு பிரின்டர் இருக்கிறது, பகலில் வீட்டிலிருக்கும் அம்மா இருக்கிறார். வண்ணாரப்பேட்டைப் பிள்ளைக்கு இதில் பல இல்லை. சட்டை தொளதொள என்று தொங்குகிறது. நாமோ பிள்ளைதான் சரியில்லை என்கிறோம்.

* * *

பேரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆரம்பப் பள்ளியில் இப்போது அரைப் பரீட்சை என்று ஒன்று கிடையாது. 2012-ல் முப்பருவ முறை வந்த பிறகு அது ‘இரண்டாம் பருவத் தேர்வு’. ஆனால் எந்த வீட்டிலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “அரப்பரீட்ச லீவு வுட்டாச்சு” என்றுதான் பை பறந்து வந்து மூலையில் விழும்.

இந்த லீவு ஏன் டிசம்பர் கடைசியில்? வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு ஆபீஸையும் கோர்ட்டையும் மூடினார்கள். பள்ளிக்கூடமும் கூடவே மூடியது. ஹைகோர்ட்டுக்கு இன்றைக்கும் கிறிஸ்துமஸ் வெகேஷன் உண்டு. அவர்கள் ஊரில் அது கடுங்குளிர், நாலு மணிக்கே இருட்டு. வீட்டுக்குள் அடுப்பு மூட்டிச் சுற்றி உட்கார வேண்டிய பருவம். நம் ஊரில் டிசம்பர் கடைசிதான் மின்விசிறி இல்லாமலே வகுப்பில் உட்கார முடிகிற அபூர்வமான இரண்டு வாரம். மழையும் ஓயத் தொடங்கியிருக்கும்.

நவம்பரில் பாதி நாள் ‘கனமழை காரணமாக விடுமுறை’ என்று டி.வி.யில் ஓடியிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தள்ளிப்போனது. மழை லீவு முடிந்து, பரீட்சை முடிந்து, பிள்ளை ஒரு வழியாக பெஞ்சில் உட்காரும்போது அடுத்த லீவு வந்துவிடுகிறது. அது முடிந்தால் பொங்கல்.

லீவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்கு லீவு மூச்சு மாதிரி. அது யாருக்காக, எதற்காக என்று நம்மில் யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை என்கிறேன். வந்தது, மூடினோம், திறந்தோம்.

* * *

லீவு முடிந்து வந்ததும் முதல் நாள் கரும்பலகையில் ஒரு தலைப்பு எழுதுவார்கள்: ‘நான் விடுமுறையைக் கழித்த விதம்.’

உலகத்தின் மிகக் கொடூரமான தலைப்புகளில் இதுவும் ஒன்று. பதில் ஏற்கெனவே தயார். ரயிலேறித் தாத்தா ஊருக்குப் போக வேண்டும். வயல், கிணறு, மாட்டு வண்டி. பாட்டி பலகாரம் செய்து தர வேண்டும். கடைசி வரியில் ‘மகிழ்ச்சியாகக் கழித்தேன்.’ இதைத்தான் நீங்களும் எழுதினீர்கள், நானும் எழுதினேன்.

காசிமேட்டுப் பிள்ளைக்கு ஊர் எது? காசிமேடுதான். அவன் குப்பமும் அதே, கிராமமும் அதே. துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த கொள்ளுத்தாத்தாவுக்கு எது சொந்த ஊர் என்று வீட்டிலேயே பாதிப் பேருக்கு ஞாபகமில்லை. இன்னொரு பக்கம் பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அழகாகத் தமிழ் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தாத்தா ஊர் இருக்கிறது. ஆனால் இரண்டு ராத்திரி ரயில். போக வர டிக்கெட் எடுத்தால் அப்பாவின் சம்பளம் போச்சு.

ஆக அந்தப் பிள்ளைகள் என்ன செய்கின்றன? இல்லாத கிணற்றில் குளித்ததாக எழுதுகின்றன. உண்மையில் நடந்ததை எழுதினால் இப்படி இருக்கும்: “மூணு நாள் தம்பிய பாத்துக்கினேன். ஒரு நாள் அம்மாகூட வேலைக்கிப் போனேன். அந்த வீட்ல நாய் இருந்திச்சி. ஒரு நாள் பீச்சாண்ட போனோம்.”

என்ன அருமையான கட்டுரை! நாலே வரியில் ஒரு குடும்பம், ஒரு பொருளாதாரம், ஒரு நாய், ஒரு கடல். ஆனால் சிவப்பு மை ‘பாத்துக்கினேன்’ மேல்தான் முதலில் விழும். ‘பார்த்துக்கொண்டேன்’ என்று திருத்துவது டீச்சரின் வேலை, அதில் தப்பில்லை. மொழியைத் திருத்துகிற அதே மை வாழ்க்கையையும் சேர்த்துத் திருத்திவிடுகிறதே, அதுதான் தப்பு. இதெல்லாம் எழுதத் தகுந்த லீவு இல்லை என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்த வருஷம் அவளும் கிணற்றில் குதிக்கிறாள்.

அப்புறம் இருக்கவே இருக்கிறது லீவு ப்ராஜெக்ட். தனியார் பள்ளிகளில் இது ஒரு குடிசைத் தொழில். ‘பனிப் பிரதேச விலங்குகள்’ என்று ஒரு சார்ட். பென்குயின் படம், துருவக் கரடி படம், சுற்றி ஜிகினா. படம் தேடுவது அக்கா, வெட்டுவது அம்மா, ஒட்டுவது அப்பா. பிள்ளை பேர் எழுதும். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்டுக்கு கியூ. எண்ணூர் கழிமுகத்தில் இறங்குகிற பறவைகளைப் போய்ப் பார்த்து எழுதச் சொல்லலாம். காசிமேட்டில் வந்து இறங்குகிற மீன்களில் பத்தின் பேரைக் கேட்டு எழுதச் சொல்லலாம். வீட்டிலேயே சொல்ல ஆள் இருக்கிறது, காசு செலவில்லை. ஆனால் வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி எல்லாம் ப்ராஜெக்ட் ஆகுமா? பென்குயின்தான் ப்ராஜெக்ட்.

கல்வித் துறையையும் சும்மா சொல்லக் கூடாது. லீவில் சிறப்பு வகுப்பு வைக்கக் கூடாது என்று டிசம்பர் வந்தால் அறிவிப்பு வருகிறது. நல்ல விஷயம். ஆனால் கவனித்தீர்களா? லீவில் பள்ளிக்கூடம் என்ன செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பிள்ளை எங்கே இருக்கும், என்ன சாப்பிடும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசிக்க ஒரு தாள்கூட இல்லை.

* * *

லீவில் பிள்ளை எங்கே இருக்கும்?

வடசென்னையின் பழைய சந்துகளில் ஒரு அறை வீடு என்பது சாதாரணம். ஒரே அறையில் சமையல், தூக்கம், டி.வி., பீரோ. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் அவர் தூங்க வேண்டும். “வெளிய போய் வெளாடு, அப்பா தூங்குறாரு இல்ல” என்பதுதான் லீவின் முதல் உத்தரவு. வெளியே என்பது ஆறடிச் சந்து. அதில் பாதி பைக். சந்து முடிந்தால் மெயின் ரோடு. எம்.சி. ரோட்டில் கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல் என்று துணி எடுக்க வருகிற கூட்டத்தில் பெரியவர்களே தொலைந்துபோவார்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போனால் கன்டெய்னர் லாரி.

இந்தப் பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலேயே விசாலமான இடம் எது? அவளுடைய பள்ளிக்கூடம். மரம் இருக்கிற இடம், குழாயில் தண்ணீர் வருகிற இடம், பெண் பிள்ளைகள் தயங்காமல் போகிற கக்கூஸ் இருக்கிற இடம், லாரி வராத மைதானம், சிறுசோ பெருசோ. அதைத்தான் நாம் லீவு என்ற பேரில் பூட்டுகிறோம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு லீவு என்றால் பள்ளியிலிருந்து பெரிய உலகத்துக்குப் போவது. இவளுக்கு லீவு என்றால் பெரிய இடத்திலிருந்து சின்ன இடத்துக்குப் போவது.

என்ன சாப்பிடும்?

இதைச் சொல்ல ஒரு வண்ணாரப்பேட்டைக்காரரைக் கூப்பிட வேண்டும். சர் பிட்டி தியாகராயர். அவர் பேரிலுள்ள கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பர் 16 அன்று மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்குப் போனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்கெல்லாம் செலவு செய்யக் கூடாது என்று ஆட்சேபம் வந்து, 1925-ல் நின்றது. அதற்குப் பிறகு காமராஜர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2010-ல் கருணாநிதி ஆட்சியில் வாரத்துக்கு ஐந்து முட்டை, 2013-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்த கலவை சாதங்கள், 2022 செப்டம்பரில் ஸ்டாலினின் காலை உணவு. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்தது. சர்ச் நடத்துகிற உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த ராயபுரம் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

நூறு வருஷமாக எந்தக் கட்சி வந்தாலும் இந்த ஊர் கைவிடாத ஒரு யோசனை இது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். பாடம் இல்லாத நாளில் வயிறு பசிக்காதா?

அங்கன்வாடியில் வருஷத்துக்கு 300 நாள் உணவு என்பது தேசிய விதி. பள்ளிச் சத்துணவோ வேலை நாளோடு கட்டிப்போடப்பட்டது. பள்ளி மூடினால் அடுப்பும் மூடும். காலையும் மதியமும் பள்ளியில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு லீவு விட்டால், வீட்டுக்குத் திடீரென்று ஒரு நாளைக்கு இரண்டு வேளை கூடுகிறது. இரண்டு பிள்ளை என்றால் நாலு. அதுவும் எந்த மாதத்தில்? புயல் எச்சரிக்கை வந்தால் படகு இறங்காது. மழை பெய்தால் லோடு ஏற்றுகிற வேலை கிடையாது. நடைபாதைக் கடை போட முடியாது. நவம்பரிலும் டிசம்பரிலும் வாங்கிய கடன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது இந்த லீவு வந்து நிற்கிறது.

வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. அதாவது, லீவிலும் பசிக்கும் என்பது சட்டத்துக்குத் தெரியும். ஏரி வறண்டால் சோறு உண்டு. பர்ஸ் வறண்டால்தான் இல்லை.

சட்டம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயசுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். அபாயமில்லாத குடும்பத் தொழில் என்றால், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம். விடுமுறையிலும்! ஆக, லீவில் இந்தப் பிள்ளை எங்கே இருக்கும் என்று யோசித்துப் பதில் எழுதிவைத்தது அந்தச் சட்டம்தான். பனியில் விளையாடும் என்றா எழுதியது? கடையில் உட்காரும் என்று எழுதியது.

* * *

டிசம்பர் 26 என்றால் உங்களுக்குச் சட்டென்று ஞாபகம் வருவது சுனாமி. 2004-ல் அது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அரைப் பரீட்சை லீவுக்குள். கடற்கரையோரப் பிள்ளைகள் வீட்டிலும் மணலிலும் இருந்த காலை நேரம். காசிமேட்டுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அதே டிசம்பர் 26, 2023. அதுவும் லீவு நாள்தான். நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். மூச்சுத் திணறிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெல்லாம் கறுத்திருந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? பள்ளி திறந்திருந்தால் சுனாமி வராது, வாயு கசியாது என்றா? இல்லை. பள்ளியே பாதுகாப்பாக இல்லாத நாளும் இருந்திருக்கிறது. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியிலேயே மாணவிகள் வாயு நெடியில் மயங்கி விழுந்தார்கள். நான் சொல்வது அடுத்த நாளைப் பற்றி. சுனாமிக்குப் பிறகு மக்கள் எங்கே தங்கினார்கள்? 2015 வெள்ளத்தில் எங்கே தங்கினார்கள்? 2023-ல்? பள்ளிக்கூடங்களிலும் தங்கினார்கள். பெஞ்சை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தார்கள். அங்கேயே சாப்பாடு வந்தது. தேர்தலுக்கும் அதே கேட் திறக்கிறது. போலீஸ் வருகிறது, மின்விளக்கு வருகிறது, குடிதண்ணீர் வருகிறது.

வெள்ளம் வந்தால் திறக்கிற கேட், ஓட்டுப் போடத் திறக்கிற கேட், அந்தப் பள்ளியின் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் பத்து நாள் பூட்டியிருக்கிறது. சாவி தொலையவில்லை. கேட்க ஆள் இல்லை.

* * *

நிஜமாகவே பனி கொட்டுகிற ஊரில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் 2020-ல் மார்கஸ் ராஷ்போர்டு என்ற கால்பந்து வீரர் எம்.பி.க்களுக்குத் திறந்த கடிதம் எழுதினார். சின்ன வயசில் இலவசப் பள்ளி உணவு சாப்பிட்டு வளர்ந்தவர். பள்ளி மூடினால் பிள்ளைகள் பட்டினி, லீவிலும் சாப்பாடு கொடுங்கள் என்றார். அரசு முதலில் முடியாது என்றது, பிறகு இறங்கி வந்தது. அக்டோபரில் பாராளுமன்றத்தில் மறுபடி தோற்கடித்தார்கள். நவம்பரில் மறுபடி இறங்கி வந்தார்கள். 2021 முதல் ஈஸ்டர், கோடை, கிறிஸ்துமஸ் லீவுகளில் இலவச உணவுக்குத் தகுதியான பிள்ளைகளுக்கு விளையாட்டும் சாப்பாடும் தருகிற திட்டம் அந்த நாடு முழுக்க நடந்தது. ‘ஹாலிடே ஹங்கர்’ என்று அதற்கு ஒரு பேரே வைத்திருக்கிறார்கள். விடுமுறைப் பசி. நாம் அவர்களிடமிருந்து பனியைக் கடன் வாங்கினோம். இதைக் கடன் வாங்கவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கேரளத்தில் ஓணத்துக்கு முன்னால் மதிய உணவுப் பிள்ளைகளுக்குத் தலைக்கு இத்தனை கிலோ என்று அரிசி கொடுத்து அனுப்புகிற வழக்கம் உண்டு. நம் ஊரிலேயே 2020-ல் கொரோனாவுக்குப் பள்ளி மூடிக்கிடந்தபோது, சத்துணவுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் வீட்டுக்கு அரிசியும் பருப்பும், பிறகு முட்டையும் கொடுத்தார்கள். முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? சின்னதாக ஒன்று. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரத்தில் சில மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். லீவில் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை கேட் திறந்திருக்கட்டும். வகுப்பு வேண்டாம். மணி அடிக்க வேண்டாம். யூனிபார்ம் வேண்டாம். இஷ்டப்பட்டவர்கள் வரட்டும். மைதானம், கதைப் புத்தக அலமாரி, நாலு கேரம் போர்டு. போகும்போது ஒரு சாப்பாடு.

ஆசிரியர்களை இழுக்கக் கூடாது. அவர்கள் லீவு அவர்களுடையது. பரீட்சைப் பேப்பர் திருத்தி, எமிஸ் பதிவு போட்டுக் களைத்தவர்கள். கொரோனாவுக்குப் பின் ‘இல்லம் தேடிக் கல்வி’க்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தன்னார்வலர்களாக வந்து காட்டியிருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடலாம். சமைக்கிற ஊழியர்களுக்கு அந்த நாட்களுக்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். பிள்ளைக்குச் சோறு போடுகிறேன் என்று அந்த அம்மாவின் லீவைப் பிடுங்கினால் அதுவும் அநியாயம்தான்.

பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு அதிகாரி கேட்பார். நியாயமான கேள்வி. பதில் கேள்வி ஒன்று உண்டு: இப்போது சந்திலும் மெயின் ரோட்டிலும் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? யாருமில்லை. அதனால்தான் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பிள்ளைகளைச் சுதந்திரமாக விடுங்கள் சார், லீவிலும் ஸ்கூலா என்று நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். அதனால்தான் மணி வேண்டாம் என்கிறேன். சுதந்திரத்துக்கு ஒரு இடம் வேண்டும். இடமே இல்லாதவனிடம் போய் ‘நீ சுதந்திரமாக இரு’ என்பது, சட்டியைக் காட்டாமல் ‘வயிறாரச் சாப்பிடு’ என்பது மாதிரி.

ஒரு இடமும் ஒரு போர்டும் அக்கறையுள்ள ஒரு பெரியவரும் கிடைத்தால் இந்தப் பேட்டைப் பிள்ளை என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் பக்கத்திலேயே இருக்கிறது. புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுக்கிறவர். அதற்கு முன்னால் வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். எல்லோரும் தங்கம் வாங்க வேண்டியதில்லை. பத்து நாள் நிம்மதியாக ஸ்ட்ரைக்கர் அடித்தாலே போதும்.

வருகிற டிசம்பரில் உங்கள் தெருப் பள்ளியிலும் பஞ்சு ஒட்டுவார்கள். போய்ப் பாருங்கள், கை தட்டுங்கள், பிள்ளைகள் அழகாகத்தான் ஆடும். விழா முடிந்து எல்லோரும் கலைகிறபோது தலைமையாசிரியரிடம் தனியாகப் போய், மரியாதையாக, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவரிடம் பதில் இல்லாவிட்டால் கவுன்சிலரிடம் கேளுங்கள். அவரிடமும் இல்லாவிட்டால் மேயர் அலுவலகத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.

“நாளையிலிருந்து இந்த கேட்டுச் சாவி யாரிடம் இருக்கும், சார்?”